சொல்லாமல் சொன்ன மேடை: நவீன பிரிட்டிஷ் நாடகத்தின் நடைகள் உருவான விதம்

1958ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் இயங்கிய ஒரு நாடகக் குழு நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது. கட்டிடத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நாடகத்தில், அனுமதி பெற்ற வசனத்துக்கு வெளியே நடிகர்கள் தாங்களாகவே சில வரிகளைச் சேர்த்துப் பேசினார்கள் என்பதே அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம். ஜோன் லிட்டில்வுட் நடத்திய 'தியேட்டர் வொர்க்‌ஷாப்' என்ற அக்குழு, ஒத்திகையிலும் மேடையிலும் நடிகர்கள் சொந்தமாகப் பேசிப் பேசியே நாடகத்தை வளர்க்கும் முறையைக் கொண்டிருந்தது. அந்த முறையே சட்டப்படி குற்றமாக இருந்தது. 1737ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றியமைத்த 1843ஆம் ஆண்டுச் சட்டமும், பொது அரங்கில் மேடையேறும் ஒவ்வொரு புதிய நாடகத்தின் பிரதியையும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுத்து உரிமம் பெற வேண்டும் என்று விதித்திருந்தன. காரணம் சொல்லாமலேயே அவர் மறுக்கலாம். அவரது முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழியில்லை.

நவீன பிரிட்டிஷ் நாடகத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் நடைகளின் வரிசையாகவே அறிமுகப்படுத்துகின்றன: இயற்பண்புவாதம், சமூகப் பிரச்சினை நாடகம், கவிதை நாடகம், சமையலறை யதார்த்தம், அபத்த நாடகம், காவிய அரங்கு, தொண்ணூறுகளின் அதிர்ச்சி நாடகம். ஒன்றை மறுத்து அடுத்தது பிறந்ததுபோல ஒரு தோற்றத்தை இந்த வரிசை தருகிறது. பிரெஞ்சு, ஜெர்மானிய அரங்குகளுக்கு அது ஓரளவு பொருந்தக்கூடும். அங்கே கொள்கை அறிக்கைகள் முதலிலும் நாடகங்கள் பின்னரும் வந்ததுண்டு. பிரிட்டனில் அப்படி நடந்தது குறைவு. அங்கே நடைகள் பெரும்பாலும் மிக நடைமுறை சார்ந்த மூன்று கேள்விகளுக்கான விடைகளாகவே உருவாயின: எதைச் சொல்லக் கூடாது, செலவை யார் ஏற்கிறார்கள், இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார்கள். இம்மூன்றில் முதல் கேள்விதான் பிரிட்டிஷ் வசனத்தின் தனிக்குணத்தை வடித்தது என்பது என் எண்ணம்.

மேடையில் நம்பும்படியான ஓர் அறையைக் கட்டியதிலிருந்து கதையைத் தொடங்கலாம். 1860களில் டி. டபிள்யூ. ராபர்ட்சன் எழுதிய 'சொசைட்டி', 'காஸ்ட்' போன்ற நாடகங்களை பேன்கிராஃப்ட் தம்பதியினர் ஒரு சிறிய அரங்கில் நடத்தினார்கள். திரையில் தீட்டிய கதவுக்குப் பதிலாகக் கைப்பிடி திருகித் திறக்கும் கதவு வந்தது. மேலே கூரை வந்தது. பாத்திரங்கள் உண்மையாகவே தேநீர் அருந்தினார்கள். இதே தம்பதியினர் 1880இல் ஹேமார்க்கெட் அரங்குக்கு இடம் மாறியபோது, மேடையைச் சுற்றி நான்கு பக்கமும் தங்கமுலாம் பூசிய சட்டகத்தைப் பொருத்தினார்கள். கீழ்த்தளத்தில் இருந்த மலிவு விலை இடங்களை நீக்கி, விலை கூடிய இருக்கைகளைப் போட்டார்கள். முதல் நாளன்றே இடம் இழந்த ரசிகர்கள் கூச்சலிட்டு நாடகத்தைத் தொடங்க விடாமல் செய்தனர். யதார்த்தமான வரவேற்பறை மேடைக்கு வந்ததும் ஏழை ரசிகர் அரங்கத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டதும் ஒரே காலத்தில் நடந்தவை. அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு லண்டனின் வணிக மேடை, வசதியுள்ளவர்கள் வசதியுள்ளவர்களைப் பார்க்கும் இடமாகவே பெரிதும் இருந்தது.

அந்த அறைக்குள் முதலில் கலகத்தைக் கொண்டுவந்தவர் ஒரு நார்வேக்காரர். இப்சனின் 'பொம்மை வீடு' 1889இல் லண்டனில் மேடையேறியது. 'ஆவிகள்' நாடகத்துக்கு உரிமம் கிடைக்க வழியில்லாததால், ஜே. டி. கிரெய்ன் 'இண்டிபெண்டன்ட் தியேட்டர்' என்ற உறுப்பினர் சங்கத்தைத் தொடங்கி, 1891இல் அதைத் தனிக்காட்சியாக நடத்தினார். பொது விற்பனையில் சீட்டு இல்லை. எனவே பொது அரங்கம் இல்லை. எனவே தணிக்கையும் இல்லை என்பது வாதம். இந்தச் சட்ட ஓட்டை அடுத்த முக்கால் நூற்றாண்டு பிரிட்டிஷ் புது நாடகத்துக்கு மூச்சுக்குழாயாக இருந்தது. பெர்னார்ட் ஷாவின் முதல் நாடகமான 'விடோயர்ஸ் ஹவுசஸ்' 1892இல் அதே சங்கத்தின் மூலமே வந்தது. பாலியல் தொழிலின் பின்னுள்ள பொருளாதாரத்தை அலசும் அவரது 'மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்' 1893இல் எழுதப்பட்டு, 1902இல் சங்கக் காட்சியாக நடந்து, 1925இல்தான் பிரிட்டனில் பொது மேடை ஏறியது. அந்த நாடகத்தில் வாரன் சீமாட்டியின் தொழிலின் பெயர் ஒருமுறைகூட நேராக உச்சரிக்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைச் சொல்லாமலேயே ஒரு முழு நாடகத்தையும் வாதமாக நடத்த முடிந்தது ஷாவின் திறமை; அது தடையின் விளைவும்கூட.

ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னஸ்ட்' 1895இல் வேறொரு வழியைக் காட்டியது. எல்லாரும் இரட்டை வாழ்க்கை வாழ்கிறார்கள், எல்லாரும் அதை நேர்த்தியான சிரிப்பால் மூடுகிறார்கள் என்ற அடிப்படையில் எழுந்த அந்த நகைச்சுவைக்கு உரிமம் எளிதில் கிடைத்தது. அதே வைல்டின் 'சலோமி' விவிலியப் பாத்திரங்களைக் கொண்டிருந்ததால் 1892இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. பளபளப்பான மேற்பரப்பு தப்பித்துக்கொள்ளும், நேரடித் தீவிரம் மாட்டிக்கொள்ளும் என்பதை இந்தப் பாடத்திலிருந்து பின்வந்த பலர் கற்றுக்கொண்டார்கள்.

1904 முதல் 1907 வரை கோர்ட் அரங்கில் ஹார்லி கிரான்வில் பார்க்கர் நடத்திய பருவங்கள், ஷாவை லண்டனின் மைய நாடகாசிரியராக்கின. நட்சத்திர நடிகருக்குப் பதிலாகக் குழு நடிப்பையும் பிரதியையும் முதன்மைப்படுத்தும் அரங்க முறை அங்கேதான் வேர் பிடித்தது. ஆனால் பார்க்கரே எழுதிய 'வேஸ்ட்' 1907இல் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு 71 நாடகாசிரியர்கள் தணிக்கையைக் கண்டித்து 'தி டைம்ஸ்' இதழில் கடிதம் வெளியிட்டார்கள். 1909இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்தது, முறை மாறவில்லை. சட்டம் அனுமதித்த எல்லைக்குள் என்ன செய்யலாம் என்பதற்கு கால்ஸ்வொர்த்தியின் 'ஜஸ்டிஸ்' சான்று: 1910இல் அதில் தனிமைச் சிறையில் அடைபட்ட எழுத்தர் ஒரு சொல்லும் பேசாமல் கதவை அறையும் காட்சி, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் மேற்கொண்ட சிறைச் சீர்திருத்தத்துக்கு உந்துதல் தந்தவற்றுள் ஒன்று. லண்டனுக்கு வெளியே, ஆனி ஹார்னிமன் என்ற செல்வந்தப் பெண்மணியின் பணத்தில் டப்ளினின் ஆபி அரங்கும் பின்னர் மான்செஸ்டரின் கெய்ட்டி அரங்கும் வட்டாரப் பேச்சை மேடைக்குக் கொண்டுவந்தன. ஐரிஷ் நாடகம் தனியாகப் பேசவேண்டிய பெருங்கதை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நோயல் கவர்டின் மெருகேறிய வாக்கியங்களும், அதையடுத்த காலத்தை டெரன்ஸ் ராட்டிகனின் அடக்கமான துயரங்களும் அடையாளப்படுத்துகின்றன. இருவருமே தன்பாலீர்ப்புடையவர்கள், அந்த உறவு சட்டப்படி குற்றமாகவும் மேடையில் தடைசெய்யப்பட்ட பொருளாகவும் இருந்த காலத்தில் எழுதியவர்கள். ராட்டிகனின் 'செபரேட் டேபிள்ஸ்' 1954இல் அரங்கேறியபோது, அதில் வரும் ஓய்வுபெற்ற மேஜர் திரையரங்கில் பெண்களிடம் தவறாக நடந்துகொண்டவராகக் காட்டப்பட்டார். அக்குற்றத்தை ஆண்களை அணுகிய குற்றமாக மாற்றி ராட்டிகன் எழுதிவைத்த மாற்றுக் காட்சிகளும் உண்டு; ஆசிரியரின் மூல எண்ணம் எதுவென்பதை அவை காட்டுகின்றன. உள்ளே ஒன்று எரிந்துகொண்டிருக்க, மேலே வானிலையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசும் இந்த வசன முறையை ஆங்கிலேயக் கூச்சத்தின் வெளிப்பாடு என்று சொல்வது வழக்கம். கூச்சத்தோடு உரிமச் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இதே ஆண்டுகளில் எலியட்டும் கிறிஸ்டஃபர் ஃப்ரையும் கவிதை நாடகத்துக்கு உயிரூட்ட முயன்றார்கள். 1935இல் கேன்டர்பரியில் நடந்த 'மர்டர் இன் த கதீட்ரல்' இன்றும் தாங்குகிறது. மற்றவற்றில் பல காலத்தோடு போய்விட்டன. அதைவிட நீடித்த விளைவைத் தந்தது ஒரு நிர்வாக மாற்றம். போர்க்காலத்தில் தொடங்கிய கலை ஊக்குவிப்பு அமைப்பு, 1946இல் கலைக்கழகமாக மாறி, அரசுப் பணத்தை நாடகத்துக்கு அளிக்கத் தொடங்கியது. தோற்கக்கூடிய நாடகத்தை நடத்தும் துணிவு ஒரு தயாரிப்பாளருக்கு முதன்முறையாகக் கிடைத்தது.

1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. 1955 ஆகஸ்டில் இருபத்து நான்கு வயதான பீட்டர் ஹால், அபத்த நாடகத்தின் முன்னோடியான பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை ஆர்ட்ஸ் அரங்கில் இயக்கினார். 1956 மே 8 அன்று ஜார்ஜ் டிவைனின் 'இங்கிலிஷ் ஸ்டேஜ் கம்பெனி' ராயல் கோர்ட்டில் ஜான் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' நாடகத்தை அரங்கேற்றியது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில், காவிய அரங்கை வளர்த்த ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் இறந்து இரண்டு வாரமே ஆகியிருந்த நிலையில், அவருடைய பெர்லினர் ஆன்சாம்பிள் குழு லண்டனுக்கு வந்தது. பின்வந்த பிரிட்டிஷ் நாடகம் இம்மூன்று ஊற்றுகளிலிருந்தும் வெவ்வேறு அளவில் குடித்தது.

இவற்றுள் மிகுந்த புகழ் பெற்றதும் வடிவத்தில் மிகக் குறைவான புதுமை கொண்டதும் ஆஸ்போர்னின் நாடகம். மூன்று அங்கங்கள், ஒரே அறை, ஒரு காதல் முக்கோணம். ராட்டிகன் எழுதியிருந்தாலும் கட்டுமானம் இப்படியே இருந்திருக்கும். மாறியது அறைதான். அது மிட்லண்ட்ஸ் நகரொன்றின் மாடிக் கூரையடி அறை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்கள் இறைந்து கிடக்க, மனைவி துணிக்கு இஸ்திரி போட, பட்டம் பெற்றும் மிட்டாய்க் கடை வைத்துப் பிழைக்கும் ஜிம்மி போர்ட்டர் நிறுத்தாமல் திட்டிக்கொண்டேயிருக்கிறான். பேசாமல் அடக்கிவைத்த தலைமுறைக்குப் பின் அடக்கவே தெரியாத ஒருவன் வந்தான் என்பதே அந்த நாடகத்தின் அதிர்ச்சி. ஜிம்மியின் மாமனார் 1947 வரை இந்தியாவில் ஒரு மகாராஜாவின் படையை நடத்திவிட்டுத் திரும்பிய கர்னல். பேரரசு போய்விட்ட வெறுமையில் அவரும், போவதற்கு எதுவுமில்லாத வெறுமையில் மருமகனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அவ்வாண்டின் இறுதியில் எகிப்தின் சூயஸ் கால்வாயைக் கைப்பற்றும் பிரிட்டிஷ் முயற்சி தோற்ற சூயஸ் நெருக்கடி வந்தபோது, அந்த வெறுமை நாடகத்துக்கு வெளியேயும் தெரிந்தது. ஜிம்மியின் கோபத்தில் பெண் வெறுப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அன்றைய விமர்சகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அதைக் காணாமல் அந்த நாடகத்தைப் பார்க்க முடியாது.

ராயல் கோர்ட் எழுத்தாளரின் அரங்கு என்றால், லிட்டில்வுட்டின் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஈஸ்ட் அரங்கு நடிகர்களின் அரங்கு. சால்ஃபோர்ட் நகரத்துப் பத்தொன்பது வயதுப் பெண் ஷீலா டிலேனி எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' 1958இல் அங்கே மேடையேறியது. கறுப்பின மாலுமியால் கருவுற்ற பள்ளிப்பெண், அவளைக் கவனித்துக்கொள்ளும் தன்பாலீர்ப்புள்ள நண்பன், பொறுப்பற்ற தாய் ஆகியோரை அது தீர்ப்புச் சொல்லாமல் காட்டியது; ஜாஸ் இசைக்கு நடுவே பாத்திரங்கள் பார்வையாளரிடம் திரும்பிப் பேசின. 1963இல் வந்த 'ஓ வாட் எ லவ்லி வார்' முதல் உலகப் போரைக் கோமாளி உடையில் நடித்துக் காட்ட, பின்னால் ஒரு மின்பலகையில் மாண்டோரின் எண்ணிக்கை ஓடியது. பிரெக்டிடமிருந்தும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த உள்ளூர் மியூசிக் ஹால் மரபிலிருந்தும் சமமாக எடுத்த அந்த முறை, லண்டனின் யதார்த்த அறையை முழுவதுமாகக் கலைத்தது. ஆர்னல்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்' ஓர் உணவகத்தின் மதியநேரப் பரபரப்பையே நாடக அமைப்பாக்கி, வேலை என்பதை மேடைப் பொருளாக ஆக்கியது.

ஹரோல்ட் பின்டர் இவர்கள் எவரோடும் முழுதாகச் சேராதவர். ஹாக்னியின் யூதத் தையற்காரரின் மகனான அவர், டேவிட் பாரன் என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று நடித்தவர். வாரம் ஒரு நாடகமென்று மர்ம நாடகங்களையும் வரவேற்பறை நகைச்சுவைகளையும் நடித்துப் பழகியவர். அந்தக் கைவினை முழுவதையும் வைத்துக்கொண்டு அதிலிருந்து விளக்கத்தை மட்டும் நீக்கிவிட்டார். 'தி பர்த்டே பார்ட்டி' நாடகத்தில் கடற்கரை விடுதியில் ஒளிந்திருக்கும் ஒருவனைத் தேடி இருவர் வருகிறார்கள். யார் அனுப்பினார்கள், எதற்காக, அவன் செய்தது என்ன என்பது கடைசிவரை தெரிவதில்லை. 1958 மே மாதம் லண்டனில் எட்டே காட்சிகளில் அது நின்றுபோனது; ஹரோல்ட் ஹாப்சன் அதைப் பாராட்டி எழுதிய விமர்சனம் நாடகம் நின்ற பிறகுதான் அச்சில் வந்தது. இரண்டாண்டு கழித்து வந்த 'தி கேர்டேக்கர்' 400க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. பின்டரின் பிரதிகளில் குறிக்கப்படும் இடைநிறுத்தங்கள் நடிகர் மூச்சுவாங்கும் இடங்கள் அல்ல. ஒரு பாத்திரம் அடுத்த தாக்குதலைத் திட்டமிடும் நேரம் அது. ராட்டிகனின் மௌனம் மறைப்பதற்கானது. பின்டரின் மௌனம் மிரட்டுவதற்கானது. தடையால் பழகிய மறைபேச்சு இங்கே தடையைச் சாராத கலையாகிவிட்டது.

இந்நேரத்தில் தணிக்கை தன் அபத்தங்களின் உச்சத்தை அடைந்துகொண்டிருந்தது. பெக்கெட்டின் 'எண்ட்கேம்' 1957இல் ராயல் கோர்ட்டில் பிரெஞ்சு மொழியில் நடந்தபோது, கடவுள் இல்லையென்று வசைச்சொல்லோடு வரும் வரிக்கு எதிர்ப்பில்லை. மறு ஆண்டு ஆங்கிலத்தில் நடத்த முயன்றபோது அதே வரி மறுக்கப்பட்டு, வசைச்சொல்லை மாற்றிய பிறகே அனுமதி கிடைத்தது. பிரெஞ்சு புரிகிறவர்களின் நம்பிக்கை உறுதியானது என்று அதிகாரிகள் கருதியிருக்க வேண்டும். 1965 நவம்பரில் எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்' வந்தது. தெற்கு லண்டன் பூங்காவில் இளைஞர்கள் சிலர் தள்ளுவண்டியிலிருக்கும் குழந்தையைக் கல்லெறிந்து கொல்லும் காட்சியை வெட்ட பாண்ட் மறுத்தார். அரங்கு பழைய சங்கத் தந்திரத்தைக் கையாண்டது. அரசு இம்முறை வழக்குத் தொடுத்து வென்றது. லாரன்ஸ் ஒலிவியர் போன்றோர் நாடகத்துக்கு ஆதரவாகப் பேசினார்கள். வழக்கில் வென்ற சட்டம் மரியாதையில் தோற்றது. 1968 செப்டம்பர் 26 முதல் முன்தணிக்கை ஒழிந்தது. மறுநாளே 'ஹேர்' இசைநாடகம் நிர்வாணக் காட்சியோடு லண்டனில் தொடங்கியது.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காலனி ஆட்சி 1876இல் இந்தியாவுக்கென்று தனி நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்து, அரச நிந்தை என்று கருதும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தனக்கு அளித்துக்கொண்டது. அந்தப் போக்கின் தொடர்ச்சியாக, விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலம் இயற்றிய நாடகச் சட்டம் எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்ததாகவே அறியப்படுகிறது. லண்டன் தன் தணிக்கையைக் கைவிட்ட பிறகும் பல பத்தாண்டுகள் அது நடைமுறையில் இருந்தது.

1968க்குப் பின் பிரிட்டனில் பிறந்த நடைகள், முதன்மையாக அரங்கக் கட்டிடத்துக்கு வெளியே பிறந்தன. வேனில் பயணம் செய்யும் சிறு குழுக்கள் பெருகின. ஜான் மக்ராத்தின் '7:84' குழு, நாட்டின் செல்வத்தில் 84 விழுக்காடு 7 விழுக்காட்டினரிடம் இருப்பதாக வந்த கணக்கைத் தன் பெயராகக் கொண்டது. 1973இல் ஸ்காட்லாந்தின் மேட்டுநில ஊர் மண்டபங்களில், அம்மக்களின் பாட்டும் ஆட்டமும் கதையும் கலந்த கூடுகை வடிவிலேயே, ஆட்டு மேய்ச்சலுக்காகவும் வேட்டைக்காகவும் எண்ணெய்க்காகவும் அவர்கள் நிலம் பறிபோன வரலாற்றை நடித்துக் காட்டியது. இன்னொரு முனையில் டாம் ஸ்டாப்பர்ட், 'ஹாம்லெட்' நாடகத்தின் இரண்டு துணைப்பாத்திரங்களை மையமாக்கி 1966இல் எடின்பரோவில் அறிமுகமாகி, தத்துவப் புதிர்களைச் சொல்விளையாட்டாக்கும் நடையை வளர்த்தார்.

அந்தத் தலைமுறையில் வடிவத்தை ஆழமாக மாற்றியவர் கேரில் சர்ச்சில். 1979இல் வந்த 'கிளவுட் நைன்' நாடகத்தின் முதற்பாதி விக்டோரியக் காலத்து ஆப்பிரிக்கக் காலனியிலும் பிற்பாதி சமகால லண்டனிலும் நடக்கிறது. இடையில் நூறாண்டு கழிந்தாலும் பாத்திரங்களுக்கு இருபத்தைந்து வயதே கூடுகிறது. மனைவி வேடத்தில் ஆண் நடிகரும் கறுப்பினப் பணியாளர் வேடத்தில் வெள்ளை நடிகரும் நடிக்கிறார்கள்; தன்னை எப்படிப் பார்க்க வேண்டுமென்று ஆட்சி கற்பித்ததோ, அப்படியே ஒவ்வொருவரும் தோன்றுகிறார்கள். 1982இல் வந்த 'டாப் கேர்ள்ஸ்' நாடகத்தில், பதவி உயர்வு பெற்ற ஒரு பெண் அதிகாரி பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த பெண்களுக்கு விருந்து வைக்கிறார். ஒருவர் பேச்சு முடிவதற்குள் மற்றவர் எங்கே குறுக்கிட வேண்டும் என்பதை ஒரு சாய்கோட்டால் பிரதியிலேயே சர்ச்சில் குறித்தார். பின்வந்த எழுத்தாளர்கள் பலர் அக்குறியை எடுத்துக்கொண்டார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்த பெண்கள் ஒருவரையொருவர் கேட்பதேயில்லை என்பதை அந்தச் சிறு கோடு உணர்த்துகிறது; தாட்சர் காலத்துத் தனிமனித வெற்றியைப் பற்றி அதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட விமர்சனம் பிரிட்டிஷ் மேடையில் அதிகம் இல்லை.

1995 ஜனவரியில் ராயல் கோர்ட்டின் மாடியிலுள்ள சிறு அரங்கில் சாரா கேனின் 'பிளாஸ்டட்' தொடங்கியபோது, லீட்ஸ் நகரில் விலையுயர்ந்த ஒரு விடுதி அறை மேடையில் இருந்தது. நடுவயதுப் பத்திரிகையாளர் ஒருவர் ஒரு பெண்ணைத் துன்புறுத்தும் யதார்த்த நாடகமாகத் தொடங்குவது, பாதியில் ஒரு படைவீரன் நுழைய, குண்டு வெடித்துச் சுவர் பெயர, போர்க்களமாக மாறிவிடுகிறது. போஸ்னியாவில் நடந்துகொண்டிருந்த கொடுமைகளையும் இங்கிலாந்தின் அறைக்குள் நடக்கும் வன்முறையையும் ஒரே தொடர்ச்சியாகக் காட்ட, நாடக வடிவத்தையே உடைக்க வேண்டியிருந்தது. விமர்சகர்கள் அருவருப்பு என்று எழுதினார்கள். பின்டரும் பாண்டும் ஆதரித்தார்கள். கேனின் மறைவுக்குப் பின் 2000இல் மேடையேறிய கடைசி நாடகத்தில் பாத்திரப் பெயர்களே இல்லை; எந்த வரியை யார் பேசுவது என்பது இயக்குநரின் பொறுப்பு.

அதே பத்தாண்டில் இதற்கு நேரெதிரான ஒரு நடையும் வலுப்பெற்றது. லண்டனின் டிரைசைக்கிள் அரங்கு, கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை குறித்த விசாரணையின் பதிவுகளைத் தொகுத்து, ஒரு சொல்லும் கற்பனையாகச் சேர்க்காமல், 1999இல் 'தி கலர் ஆஃப் ஜஸ்டிஸ்' என்ற நாடகமாக நடத்தியது. ஆண்டுக்கணக்கில் மறைத்தும் மழுப்பியும் பேசக் கற்றுக்கொண்ட அதிகாரிகளின் சொற்களை அப்படியே திரும்பச் சொன்னால் போதும், அவை தம்மையே காட்டிக்கொடுக்கும் என்பது அதன் நம்பிக்கை. பின்டரின் வசனத்தில் காது பழகிய ரசிகர்களுக்கு அந்தச் சாட்சியங்கள் புதிதாகத் தோன்றியிருக்காது.

தணிக்கை நீங்கிய பிறகும் மேடை முழு விடுதலை பெற்றதென்று சொல்ல முடியாது. ஹாவர்ட் பிரெண்டனின் 'தி ரோமன்ஸ் இன் பிரிட்டன்' தொடர்பாக, 1982இல் அதன் இயக்குநர் மீது ஒரு தனிநபர் தொடுத்த வழக்கு நீதிமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது. 2004 டிசம்பரில், குர்பிரீத் கவுர் பட்டி எழுதிய 'பெஹ்ஸ்தி' நாடகம், குருத்வாராவுக்குள் நடக்கும் வன்முறையைக் காட்டியதற்கு எழுந்த போராட்டத்தையடுத்து பர்மிங்ஹாமில் நிறுத்தப்பட்டது. 1980கள் முதல் மானியம் நெருக்கடிக்குள்ளாகியதன் விளைவு வேறு விதமானது: இரண்டு அல்லது மூன்று பாத்திரங்களோடு முடியும் நாடகங்களும் ஒருவரே பேசும் நாடகங்களும் பெருகின. அவற்றுள் சிறந்தவை உண்டு. ஆயினும் பதினைந்து பேர் தேவைப்படும் ஒரு கதையை இளம் எழுத்தாளர் நினைத்துப் பார்க்கவே தயங்குகிறார். லார்ட் சேம்பர்லின் மறுத்த பிரதிகள், அவருக்காகப் பிரதிகளைப் படித்தவர்கள் எழுதிய அறிக்கைகளோடு, பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் கிடைக்கின்றன. செலவுக் கணக்கால் எழுதப்படாமலே போனவற்றுக்கு அத்தகைய கோப்பு எதுவும் இல்லை.